நின்றா, உட்கார்ந்தா? பூனை வீட்டை நனைத்தால் முதலில் இதைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் ஒரே வாடை. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை திடீரென்று கண்ட இடத்தில் மூத்திரம் அடிக்கிறது, என்ன செய்வது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நாய், கிளிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் பூனைக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர், எங்கள் மணிக்கு நாலு வயது. கடுவன், சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்தாயிற்று. மடிப்பாக்கத்தில் முதல் மாடி ஃபிளாட், வெளியே விடுவதே கிடையாது. இத்தனை நாள் மணல் ட்ரேயைத் தவிர வேறெங்கும் போனதில்லை. இப்போது ட்ரேயிலும் போகிறது, கூடவே பால்கனிக் கதவுத் திரை, சோபாவின் பின்பக்கம், என் கணவரின் ஆபீஸ் பை என்று எல்லாவற்றிலும் அடிக்கிறது. வீட்டில் எதுவுமே மாறவில்லை. “என்மேல இருக்கிற கோபத்துலதான் செய்யுது, மீன் மார்க்கெட்ல கொண்டு விட்டுடலாம்” என்று அவர் குதிக்கிறார். பினாயில் ஊற்றிக் கழுவிக் கழுவி எனக்குக் கையே போய்விட்டது. ஏன் இப்படி? (வாசகி, சென்னை)

பதில்: மீன் மார்க்கெட்டை மறந்துவிடச் சொல்லுங்கள். ஃபிளாட்டில் வளர்ந்த பூனைக்கு அங்கே பிழைக்கத் தெரியாது. கோபமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. அவருடைய பை நனைந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் ஒன்றை நீங்கள் கண்ணால் பார்த்தாக வேண்டும்: நின்றுகொண்டு அடிக்கிறதா, உட்கார்ந்து போகிறதா? நின்றபடி, பின்பக்கத்தைச் சுவருக்கோ திரைக்கோ காட்டி, வாலை நேராகத் தூக்கி, வால் நுனி படபடவென்று நடுங்க, கொஞ்சமே கொஞ்சம் பீய்ச்சினால் அது அடையாளம் வைப்பது. தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் பட்டு, கீழ்நோக்கிக் கோடாக வடிந்திருக்கும். உட்கார்ந்து, தரையிலோ மெத்தையிலோ குளம் கட்டுகிற மாதிரி போனால் அது கழிப்பது, அதற்குக் காரணங்கள் வேறு, பெரும்பாலும் ட்ரேயிலோ உடம்பிலோ இருக்கும். நீங்கள் சொல்லும் திரையும் சோபாப் பின்பக்கமும் நிமிர்ந்து நிற்கிற பரப்புகள், ட்ரேயையும் அது விடவில்லை என்கிறீர்கள், அதனால் மணி அடையாளம்தான் வைக்கிறான் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். நின்று அடிக்கும் பூனைகளிலும் சிலவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் கோளாறு இருப்பதுண்டு.

“எதுவுமே மாறவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மாறவில்லை. பூனைக்கு வீடு என்பது பால்கனிக் கம்பி வழியாகத் தெரிகிற கார் நிறுத்தும் இடமும், மதில் சுவரும், எதிர் வீட்டு சன்ஷேடும் சேர்ந்ததுதான். ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கிறுக்கி, நனைந்த இடங்களில் எல்லாம் புள்ளி வையுங்கள். புள்ளிகள் வாசல், ஜன்னல், பால்கனி என்று ஓரத்திலேயே விழுந்தால் தொல்லை வெளியிலிருந்து வருகிறது. நடு ஹால், படுக்கையறை வாசல், நடைவழி என்று உள்ளே விழுந்தால் வீட்டுக்குள்ளேயே ஏதோ சரியில்லை, புது ஆளோ, புது சாமானோ, கூட இருக்கிற இன்னொரு பூனையோ. உங்கள் சோபா பால்கனிப் பக்கமாகத்தானே இருக்கிறது? பெரும்பாலான ஃபிளாட் ஹால்களில் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பால்கனியிலிருந்து கீழே பாருங்கள். கார் பானட்டில் பாதத் தடம் இருக்கிறதா, யாராவது கீழ்வீட்டில் புதிதாகச் சோறு வைக்கிறார்களா, ஆபரேஷன் செய்யாத தெருக் கடுவன் ஒன்று மதில்மேல் உட்கார்ந்து மேலே முறைக்கிறதா என்று. இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். மணியால் இறங்கிப் போய்ச் சண்டை போட முடியாது, அந்த இடத்தை விட்டு ஓடவும் முடியாது. அவனிடம் இருக்கிற ஒரே வழி, “இங்கே நான் இருக்கிறேன்” என்று தன் வாடையைக் கதவோரம் பூசிவிடுவது. கணவரின் பை கதையும் இதேதான். பஸ்ஸிலும் ஆபீஸிலும் தெருவிலும் தரையில் வைத்து எடுத்த பை, அந்நிய வாடையோடு தினமும் உள்ளே வருகிறது, மணி தன் வாடையால் அதை மூடுகிறான். பையையும் செருப்பையும் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். மனிதருக்கும் பூனைக்கும் சமாதானம் வந்துவிடும்.

செய்ய வேண்டியது: பால்கனிக் கண்ணாடிக் கதவின் கீழ்ப்பாதியை, பூனையின் கண்மட்டத்துக்கு மேல்வரை, பட்டர் பேப்பரோ ஒட்டும் ஃபிராஸ்டட் ஷீட்டோ ஒட்டி மறையுங்கள். இரவிலும் விடியலிலும் கதவைச் சாத்தி வையுங்கள், அந்த நேரத்தில்தான் வெளிப்பூனைகள் ரோந்து வரும். சோறு வைப்பவரிடம் சண்டைக்குப் போகாமல், கிண்ணத்தைக் கட்டடத்தின் மறுபக்கம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தத் தெருக் கடுவனுக்கும் கருத்தடை செய்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், விலங்கு நல அமைப்புகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பினாயில். தயவுசெய்து நிறுத்துங்கள். பினாயில் வகையில் இருக்கும் ஃபீனால் சாமான்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து கெட்ட வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனர் போட்டாலோ, பூனையின் மூக்குக்கு அது இன்னொரு பூனை வந்து போன மாதிரி. என்சைம் கலந்த துணி சோப்புத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துக்கு ஒரு பங்கு கரைத்துத் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசி, காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை லேசாகத் தெளித்துத் துடையுங்கள் (சாயம் போகிற துணியா என்று மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிட் உலரும்வரை பூனையை வேறு அறையில் விடுங்கள், அடுப்பு எரியக் கூடாது). கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரும் சரிதான்.

அரைகுறையாகத் துடைத்தால் வாடை அடங்கிவிட்டதுபோல இருந்து திரும்ப வரும். பூனை மூத்திரத்தில் ‘பெலினின்’ என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. புதிதாக அடித்தபோது அவ்வளவு நாற்றம் இருக்காது, நேரம் ஆக ஆக அது சிதைந்து கந்தகம் கலந்த சேர்மங்கள் கிளம்பும், அதுதான் மூக்கைத் துளைப்பது. கண்ணுக்குத் தெரியாத கறையைக் கண்டுபிடிக்க, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச் போதும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள், மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். ஒரு எச்சரிக்கை, துணி சோப்பில் இருக்கும் வெண்மையூட்டியும் ஊதா வெளிச்சத்தில் நீலமாகப் பளிச்சிடும், அதனால் துவைத்த திரை முழுவதும் ஒளிர்வதைப் பார்த்து மயக்கம் போட்டுவிடாதீர்கள். வடிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்த இடத்தில் மணியின் சாப்பாட்டுக் கிண்ணத்தையோ நகம் கீறும் பலகையையோ வையுங்கள். சாப்பிடுகிற இடத்தில் பூனைகள் பெரும்பாலும் அடிப்பதில்லை.

கேள்வி: எட்டு மாதக் கடுவன், அரிசி மூட்டை முதல் டிவி ஸ்டாண்டு வரை அடிக்கிறது. ஆபரேஷன் செய்தால் நிற்குமா? அம்மா பாவம் என்கிறார். (வாசகர், ஈரோடு)

பதில்: பெரும்பாலும் நிற்கும். பெரிய கடுவன்களுக்குச் செய்தாலே பத்தில் ஒன்பது போல நிறுத்திவிடும் அல்லது நன்றாகக் குறைத்துவிடும். ஆபரேஷன் ஆன மறுநாளே எதிர்பார்க்காதீர்கள், ஹார்மோன் அடங்கச் சில வாரம் பிடிக்கும். ஐந்து, ஆறு மாதத்திலேயே வயதுக்கு வந்துவிடும் பிராணி இது, இன்னும் தள்ளிப்போட்டால் பழக்கமாகிவிடும். ஆபரேஷன் ஆனவற்றிலும் ஆணில் சுமார் பத்தில் ஒன்று, பெண்ணில் இருபதில் ஒன்று அடிக்கத்தான் செய்யும். அம்மாவிடம் சொல்லுங்கள், துணை தேடி ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டு, அடைபட்ட வீட்டில் முட்டி மோதுவதுதான் அதற்குப் பெரிய பாவம். அடிப்பது கடுவன் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம், பருவத்துக்கு வந்த பெட்டையும் அடிக்கும்.

கேள்வி: டாக்டர், எங்கள் டைகர் ட்ரேயில் போய்ப் போய் உட்காருகிறான், சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, கத்துகிறான், அங்கேயே நக்கிக்கொள்கிறான். பாத்ரூம் தரையிலும் முக்குகிறான். பாட்டி, உடம்புச் சூடு, இளநீர் கொடு என்கிறார். இதுவும் அடையாளம் வைப்பதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை, கிடைத்த உடனே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இது அடையாளமே இல்லை. கடுவனின் மூத்திரக் குழாய் மிகவும் குறுகல். மணல் போன்ற படிகமோ சளிபோன்ற அடைப்போ சிக்கிக்கொண்டால் நீர் வெளியேறாது, பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். முழுதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். முக்குகிறது, வரவில்லை என்றால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம்தான் அதிகம். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடவே கூடாது, ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும்.

அடைப்பு இல்லாமலே இதே மாதிரி சொட்டுச் சொட்டாகப் போகும் நோயும் உண்டு, கிருமியும் கல்லும் இல்லாமல் சிறுநீர்ப்பை புண்ணாகிப் போவது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பூனைகளில் இதுதான் அதிகம், மன அழுத்தத்தில் கிளம்பும். தண்ணீர் அதிகம் உள்ளே போனால் நல்லது. வெறும் உலர் தீனியைக் குறைத்து ஈரமான சாப்பாடு கொடுங்கள், வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனைகள். யார் செய்வது என்றே தெரியவில்லை, நான் வேலைக்குப் போன பிறகுதான் நடக்கிறது. ட்ரே ஒன்றுதான், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில். (வாசகி, ஹவ்காங்)

பதில்: ஆளைக் கண்டுபிடிக்க மலிவான வைஃபை கேமரா ஒன்றை ஹாலில் வையுங்கள். இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் ஃப்ளோரெசின் சாயம் பற்றிக் கேளுங்கள், ஒரு பூனைக்கு மட்டும் வாய்வழி கொடுத்தால் அன்றைக்கு அதன் மூத்திரம் ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும்.

கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே ட்ரேயைச் சரிசெய்துவிடலாம். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி ட்ரே வைப்பது வழக்கம், உங்களுக்கு மூன்று. மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக அடுக்கினால் பூனைக்கு அது ஒரே ட்ரேதான், தனித்தனி அறையில் வையுங்கள். சலவை இயந்திரம் நடுவில் திடீரென்று உதறிக்கொண்டு சுழலும்போது ட்ரேயில் உட்கார்ந்திருந்த பூனை அடுத்த முறை அங்கே கால் வைக்குமா? ட்ரே பூனையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், மூடி வேண்டாம், ட்ரேயில் வாசனை போட்ட மணல் வேண்டாம், தினமும் அள்ளுங்கள்.

இன்னொன்று, இரண்டும் சண்டை போடுவதில்லை என்பதற்காக ஒத்துப்போகின்றன என்று அர்த்தமில்லை. ஒன்று நடைவழியில் படுத்துக்கொண்டு மற்றதைச் சும்மா முறைத்தாலே போதும், அது ட்ரே பக்கமோ கிண்ணம் பக்கமோ போகாது. கேமராவில் அதையும் பாருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் இரண்டு பூனை வரை முறைப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, அதனால் பக்கத்து வீட்டிலும் புதிதாகப் பூனை வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பொது நடைபாதைப் பக்கத்து ஜன்னலும் இரும்புக் கதவும்தான் நனைகிறது என்றால் மடிப்பாக்கம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மூலையில் ரசகற்பூர உருண்டை போட்டால் வராதாமே? மிளகாய்ப்பொடி? (வாசகர், மதுரை)

பதில்: உருண்டை விஷம், மிளகாய்ப்பொடி கொடுமை. இரண்டும் வேண்டாம். வராமல் போனாலும் பக்கத்து மூலைக்குப் போகும், அவ்வளவுதான்.

கேள்வி: மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தால் புத்தி வருமா? (வாசகர், கடலூர்)

பதில்: வராது. உங்களைக் கண்டால் பயம் வரும், பயந்த பூனை இன்னும் அதிகமாக அடிக்கும்.

கேள்வி: பதின்மூன்று வயதுப் பெட்டை, இப்போதுதான் கட்டிலில் போக ஆரம்பித்திருக்கிறாள். நிறையப் போகிறாள், தண்ணீரும் நிறையக் குடிக்கிறாள். (வாசகி, புதுச்சேரி)

பதில்: ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, இந்த வாரமே. இந்த வயதில் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். மூட்டு வலியாலும் உயரமான ட்ரேயில் ஏற முடியாமல் போகலாம், ஒரு பக்கம் வெட்டித் தாழ்த்திய பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆபரேஷன், ட்ரே, ஜன்னல் எல்லாம் சரிசெய்தும் நிற்காததால், எங்கள் டாக்டர் ஃப்ளூயாக்ஸெட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனநோய்க்குத் தரும் மாத்திரையாமே, பூனைக்குக் கொடுக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: கொடுக்கலாம், இந்தத் தொல்லைக்கு நன்றாகவே வேலை செய்யும் மருந்து அது. பூனைப் பைத்தியம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆரம்பத்தில் சாப்பாடு குறையலாம், கொஞ்சம் சோர்ந்து படுக்கும். இரண்டு நாளாகத் தட்டைத் தொடவே இல்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். பூனை கன்னத்தைத் தேய்க்கும்போது விடுகிற வாசனையைப் போலச் செய்த ஃபெலிவே டிஃப்யூசரையும் கூடவே செருகிப் பார்க்கலாம், சில வீடுகளில் உதவுகிறது, சில வீடுகளில் கரண்டுதான் செலவு. ஜன்னல் மறைப்பை எடுத்துவிடாதீர்கள், மாத்திரை மட்டும் தனியாக எதையும் சாதிக்காது. நின்றுவிட்டதே என்று நீங்களாகச் சட்டென்று மாத்திரையை விட்டுவிடவும் வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மனிதருக்கான காப்ஸ்யூலை உடைத்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையும் வேண்டாம், பூனை அளவுக்கு எடைபார்த்து அவர் சொன்னதை மட்டும் கொடுங்கள்.