கூத்து ஜமாவுக்கு 80ஜி கிடைக்குமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் எங்கள் தெருக்கூத்து ஜமா மூன்று தலைமுறையாக ஆடுகிறது. பெங்களூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் ஒரு லட்சம் தருகிறேன், 80ஜி ரசீது (நன்கொடை கொடுத்தவர் தன் வருமான வரியில் கழிவு பெற உதவும் ரசீது) வேண்டும் என்கிறார். ஜமாவை அறக்கட்டளையாகப் பதிந்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ஜமாவை அப்படியே பதியவும் வேண்டாம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து முடிந்து விடிந்ததும் வாத்தியார் பணத்தைப் பங்கு பிரிக்கிறார், மிருதங்கத்துக்கு இவ்வளவு, முகவீணைக்கு இவ்வளவு, வேஷம் கட்டியவர்களுக்கு இவ்வளவு என்று. அது உங்கள் பிழைப்பு, தப்பே இல்லை. ஆனால் வரும் பணத்தை உறுப்பினர்களே பிரித்துக்கொள்ளும் அமைப்பை வருமான வரித்துறை தர்ம காரியமாக ஏற்காது.

ஜமா தன் பாட்டுக்கு இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லிக்கொடுக்க, பழைய புஜக்கட்டை, கிரீடங்களைக் காப்பாற்ற என்று தனியாக ஒரு சங்கம் தொடங்குங்கள். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். வேலூர் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். விதிகளில் மூன்று விஷயம் அவசியம்: லாபத்தை யாரும் பிரிக்கக் கூடாது, சங்கம் கலைந்தால் சொத்து இதே போன்ற இன்னொரு தர்ம அமைப்புக்குப் போக வேண்டும், எந்த ஊர், எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம். "எங்கள் இனத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தாலும் வரிவிலக்கு போய்விடும். வாத்தியாருக்குச் சம்பளம் தரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சொல்லிக்கொடுப்பதற்கு நியாயமான தொகை, வவுச்சரில் கையெழுத்து வாங்கித் தாராளமாகக் கொடுங்கள்.

வரிவிலக்குக்காகக் கூத்துப் பயிற்சியைக் 'கல்வி' என்று காட்டினால் ஈஸியாக முடியும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கல்வி என்றால் முறையான பள்ளிப் படிப்பு என்றுதான் உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்குப் பொருந்துவது 'பொதுப் பயன்பாடு' என்ற தலைப்பு. அதில் ஒரு கிடுக்கிப்பிடி: கட்டணம் வாங்கி வியாபாரம் போல் நடத்துவதில் வரும் பணம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வருட விலக்கு போச்சு. அதனால்தான் கோயில் கூத்துக் கூலியை இந்தச் சங்கக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள் என்கிறேன். அடக்க விலைக்கோ கொஞ்சம் கூடவோ வாங்கும் பயிற்சிக் கட்டணம் வியாபாரம் ஆகாது, இது 2022-ல் வந்த தீர்ப்பு.

அப்புறம் பான் கார்டு, வங்கிக் கணக்கு. வரிவிலக்குப் பதிவு, 80ஜி இரண்டுக்கும் ஆன்லைனில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகமாகத் தருவார்கள், வேலை தொடங்கிய 6 மாதத்துக்குள் முறையான பதிவுக்குக் கேட்க வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 80ஜி வரும் வரை அந்த ஒரு லட்சத்தை வாங்காதீர்கள், வந்த பிறகும் ரொக்கமாக வேண்டாம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கொடுத்தவருக்குக் கழிவு இல்லை.

இவ்வளவு அலைவதற்கு முன்னால் பெங்களூர்க்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள், பழைய வரி முறையில் இருக்கிறாரா, புதிய முறையிலா என்று. புதியது என்றால் 80ஜி ரசீதால் அவருக்கு ஒரு பைசா மிச்சமில்லை.