டெலிவரி தேதி எத்தனையாவது வரியில் இருக்கிறது?

"பல்கலைக்கழக மாணவர்களுக்கு மேல்நிலை பிசினஸ் கம்யூனிகேஷன் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மெயில் ஃபார்மட், ரெஸ்யூமே, குரூப் டிஸ்கஷன் எல்லாம் நடத்தி முடித்தாயிற்று. அதற்கு மேல் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஆங்கில இலக்கியம் படித்தவர், வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், சீனியர்கள் யாரும் தொட விரும்பாத இந்தப் பேப்பரை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

அதற்கு மேல் இருப்பது, என்னைக் கேட்டால், ஒன்றுதான். கெட்ட செய்தியைச் சீக்கிரமாக, தேதி போட்டுச் சொல்வது. மற்றதெல்லாம் எப்படியோ வந்துவிடுகிறது. இது மட்டும் வருவதில்லை. எனக்கும் வரவில்லை, அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

2004 முதல் 2017 வரை திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். தெரியாதவர்களுக்கு: நூல்காரர், நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், பவர் டேபிள் (தையல்), பேக்கிங் என்று எல்லாரிடமும் தொங்கி, திட்டு வாங்கி, அந்தத் திட்டை நாகரிகமான ஆங்கிலத்தில் பையருக்கு, அதாவது சரக்கை வாங்குகிற வெளிநாட்டு கம்பெனிக்காரருக்கு, எழுதி அனுப்புகிற வேலை. என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று கம்பெனியில் பெயர். ஓனர் மற்ற பையன்களின் மெயிலைக்கூட என்னிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது தொடர்பான வழக்கில், திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்தச் சாயக்கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் அதற்குக் கீழே பாசனம் செய்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என் ஆர்டர் ஒன்றின் துணி, குழந்தைகள் டி-ஷர்ட் 18,000 பீஸுக்கு உரியது, ஒரு பட்டறைக்குள் சாயம் ஏறாமல் கிடந்தது. மூன்று கலர். ஒரு கலர் மட்டும் முன்பே முடிந்து வந்துவிட்டது. மார்ச் 1ஆம் தேதி தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும், ஹாம்பர்க் போக வேண்டும்.

திங்கட்கிழமை பையரிடமிருந்து மெயில்: ஷிப்மென்ட் தேதியில் மாற்றம் ஏதும் இல்லையே? ஓனரிடம் போய்க் கேட்டேன். "இப்பவே எதுக்குச் சொல்லிக்கிட்டு? கோர்ட்டுல ஸ்டே கிடைச்சாலும் கிடைக்கும். கேட்டா பாத்துக்கலாம்" என்றார். கேட்டதால்தானே வந்து நிற்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சீட்டுக்குத் திரும்பி, "நோட்டட், வில் ரிவர்ட் ஷார்ட்லி" என்று தட்டினேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டார்கள். "ஃபேப்ரிக் இஸ் அண்டர் ப்ராசஸ்" என்றேன். துணி பூட்டிய பட்டறைக்குள் இருந்தது. அதற்கடுத்த வாரம், அளவற்ற முயற்சி எடுத்துக்கொண்டிருப்பதாக ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தியில் ஒரு கமா கூட இடம் மாறி நிற்காது. பிப்ரவரி 21ஆம் தேதிதான் உண்மையைச் சொன்னேன். பதில் ஒரே வரியில் வந்தது: "இது உங்களுக்கு எப்போதிருந்து தெரியும்?"

அந்த வரிக்கு என்ன பதில் எழுதுவதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

துணியை லூதியானாவுக்கு லாரியில் அனுப்பி, சாயமேற்றி, திரும்ப வந்து, தைத்து முடித்தபோது மார்ச் கடைசி வாரம். கப்பலில் போனால் இன்னும் நாலு வாரத்துக்குக் குறையாமல் ஆகும், கடையில் வைக்கும் சீசன் போய்விடும். விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்றார்கள். பெட்டியோடு இரண்டரை டன். ஏர் ஃபிரைட் மூன்றே கால் லட்சம். மொத்த ஆர்டரே 22 லட்சத்துச் சொச்சம், அதில் எங்களுக்கு என்ன நிற்கும் என்று திருப்பூர்க்காரர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் நண்பன் ஒருவன் வேறொரு கம்பெனியில் அதே நிலைமையில் இருந்தான். அவன் மெயிலைப் பிறகு காட்டினான். ஏழு வரி. முதல் வரி: இந்த ஆர்டர் மார்ச் 1ஆம் தேதி கப்பல் ஏறாது. இரண்டாவது: 28ஆம் தேதி கோர்ட் உத்தரவு, ஊரில் எல்லாப் பட்டறையும் மூடல். மூன்றாவது: வெளி மாநிலத்தில் சாயம் போட்டால் மார்ச் 25 ஆகும். அடுத்து: தயாராக இருக்கிற கலரை மட்டும் சொன்ன தேதியில் அனுப்பட்டுமா? கடைசியில்: புதன்கிழமைக்குள் சொன்னால் லாரி பிடிக்க வசதி. அவனுக்கு மூன்று வாரம் நீட்டித்துக் கொடுத்தார்கள். ஏழு வரியில் இரண்டு இலக்கணப் பிழை இருந்தது. என் மெயில்களில் ஒன்றுகூட இல்லை.

"அவனுக்கு வாய்த்த பையர் நல்லவர், உனக்கு வாய்த்தவர் அப்படி" என்று யாராவது சொல்வீர்கள். இருக்கலாம். என் பையர் நல்லவரா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் அவருக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். இப்போது இரண்டு கல்லூரிகளில் மணிக்கணக்குக்குப் போய் எடுக்கிறேன், எம்பிஏவும் இறுதியாண்டு பொறியியலும். முதல் வாரமே இந்தக் கதையைச் சொல்லாமல் சூழ்நிலையை மட்டும் கொடுத்துவிடுவேன்: சாயத்தின் ஷேடு சரியில்லாமல் ஒரு லாட் துணி திரும்பிவிட்டது, 9 நாள் தாமதம், பையருக்கு மெயில் எழுது. போன பேட்சில் 54 தாள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் தேடினேன், புதிய தேதி எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று. முதல் இரண்டு வரிக்குள் வைத்தவர்கள் 3 பேர். 31 தாளில் தேதியே இல்லை. "தவிர்க்க முடியாத காரணங்களால்", "கூடிய விரைவில்", "தங்கள் மேலான ஒத்துழைப்பை". ஃபார்மட் எல்லாம் கச்சிதம். சாட்ஜிபிடியில் போட்டு எடுத்தவர்களின் தாள் இன்னும் கச்சிதம், மன்னிப்பு மூன்று பத்திக்கு வழிந்தது. நீ தேதியைச் சொல்லாவிட்டால் அது எங்கே போய்த் தேதியைப் பிடிக்கும்?

ஆங்கில பயம்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதனால் ஒரு நாள் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்து, ஒருவர் கம்பெனி, ஒருவர் பையர், போனில் பேசுங்கள், தமிழிலேயே பேசுங்கள் என்றேன். முகம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த உட்காரல். கிழிந்தது. ஆங்கிலத்தில் தடுமாறியாவது மழுப்பியவர்கள் தமிழில் தேனாக மழுப்பினார்கள். "கொஞ்சம் முன்னப்பின்ன ஆகுங்க, அனுப்பிச்சுடலாங்க." "எந்தத் தேதிங்க?" "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனையில்லைங்க, நாங்க பாத்துக்கறோம்." முழு வகுப்பும் என் பழைய ஓனராக மாறி உட்கார்ந்திருந்தது.

ஒரு பெண் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினாள். "சார், முடியாதுன்னு சொன்னா ஆர்டரை கேன்சல் பண்ணிட மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. சில சமயம் பண்ணுவார்கள்தான். அதை மறைத்துவிட்டு உண்மை பேசினால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நான் வகுப்பில் சொல்வதில்லை.

அதற்குப் பதில் இடத்தை மாற்றினேன். மழுப்பியவர் இப்போது பையர். அவருக்கு ஒரு சீட்டு கொடுப்பேன்: "உன் கடைகளில் இந்த டி-ஷர்ட் 14ஆம் தேதி மாட்டியிருக்க வேண்டும். விளம்பரம் அச்சுக்குப் போக நாளைதான் கடைசி நாள்." இப்போது எதிரே இருக்கிறவர் "பாத்துக்கலாங்க" என்றால் இவருக்குக் காது சிவக்கிறது. ஒரு பையன், அதற்கு முந்தைய சுற்றில் தேனாகப் பேசியவன், "யோவ், தேதியச் சொல்லுய்யா" என்று கத்தினான். நான் எட்டு வாரம் பேசினாலும் அந்தக் கத்தல் வந்திருக்காது. அதே பையன் அன்றைக்கே மெயிலைத் திருப்பி எழுதினான், தேதி முதல் வரிக்கு வந்திருந்தது. ஆங்கிலம் அதே ஓட்டை ஆங்கிலம்தான்.

இன்னொன்றும் செய்கிறேன், இதற்குத்தான் ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கெட்ட பெயர். அசைன்மென்ட் தாமதமானால், 48 மணி நேரம் முன்பாக மெயில் போட்டு, காரணம் ஒரு வரி, புதிய தேதி ஒரு வரி எழுதினால் மார்க் குறைக்க மாட்டேன். கடைசி நாளன்று சொன்னால் பாதி. சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு வந்து தலையைச் சொறிந்தால் பூஜ்யம். "இது சோம்பேறித்தனத்துக்கு லைசென்ஸ்" என்றார் ஒரு சக ஆசிரியர். முதல் மாதம் அப்படித்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், பாட்டிகள் நிறையப் பேர் இறந்தார்கள். ஆனால் புதிய தேதியை அவர்களே கொடுத்ததால் அதைத் தவறவிடும்போது வேறு மாதிரி கூசுகிறது. இரண்டாவது மாதத்தில் மெயில்கள் குறைந்தன.

இலக்கணம் வேண்டாம், ஃபார்மட் வேண்டாம் என்று நான் சொன்னதாகக் கிளம்பிவிடாதீர்கள். பாடத்துக்கு ஒரு எலும்புக்கூடு வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜின் பிஇசி ஹையர் என்கிற பிசினஸ் ஆங்கிலத் தேர்வை (இப்போது சி1 பிசினஸ் ஹையர்) எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே வடிவமைத்திருக்கிறார்கள். எழுத்தில் ஒரு வரைபடத்தை 120 முதல் 140 வார்த்தைக்குள் விவரிக்க வேண்டும், அடுத்து 200 முதல் 250 வார்த்தைக்கு ஒரு ரிப்போர்ட்டோ ப்ரொபோசலோ கடிதமோ. பேச்சில் ஒரு நிமிடம் யோசித்து ஒரு நிமிடம் பேசும் பகுதி இருக்கிறது. வார்த்தைக் கணக்கு நம் பிள்ளைகளின் வழவழப்பைக் கொஞ்சம் வெட்டும். ஆனால் அந்தத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களால் நஷ்டப்பட்டவர் அல்ல. அதை வகுப்பில் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

அப்புறம், யார் எழுதுகிறார் என்று பார்க்கவும் பழக்குங்கள். எனக்கு வாய்த்த ஜெர்மன் பையர்கள் "இது ஏற்க முடியாது" என்று நேராக எழுதுவார்கள், மறுநாள் சாதாரணமாகப் பேசுவார்கள். லண்டன் ஆபீஸ்காரர் "எனக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது" என்று எழுதினால் வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். நான் முதலில் அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, சற்றுத்தானே என்று டீ குடிக்கப் போயிருக்கிறேன். "ரிவர்ட்" என்றால் நமக்குப் பதில் எழுதுவது, வெளியே பல பேருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. எங்கள் பையர் ஒருவர் பழைய டிசைனுக்கே போகிறோமா என்று பதறிக் கேட்டார்.

இதையெல்லாம் ஏன் நிரந்தர வேலையில் இருந்து சொல்லிக்கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். பிஎச்.டி. இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் "புரஃபசர் ஆஃப் பிராக்டிஸ்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டம் கட்டாயமில்லை, துறை அனுபவம் போதும் என்றார்கள். ஆசையாகப் படித்துப் பார்த்தேன். குறைந்தது 15 ஆண்டு. எனக்கு 13. இரண்டு வருடம் கூடுதலாகத் திட்டு வாங்கியிருக்கலாம். இப்போது மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிற பணத்தில் பாதி நேரம் பாடத்துக்கே போவதில்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கிற நாக் அமைப்பின் மதிப்பீடு வரப்போகிறதாம், ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் ஜியோ-டேக் போட்ட படம் வேண்டும், பங்கேற்பாளர் பட்டியல் வேண்டும், கூகுள் ஃபார்மில் ஃபீட்பேக் வேண்டும். முதுகோடு முதுகு உட்கார்ந்து பேசிய வகுப்பின் படத்தைக் கொடுத்தால் "யாரும் கேமராவைப் பார்க்கவில்லையே சார்" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் எல்லாரையும் முன்பக்கம் திருப்பி உட்கார வைத்து, ஒருவர் பேசுவது போல, மற்றவர்கள் கேட்பது போல எடுத்துக் கொடுத்தேன். அது ஃபைலில் ஏறிவிட்டது.

உங்களுக்கு அந்த 54 தாள் பயிற்சிக்கான சூழ்நிலைச் சீட்டுகள் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், கம்பெனி பெயர், பையர் பெயர் எல்லாம் அடித்துவிட்டு அனுப்புகிறேன். எப்போது என்றால், வருகிற திங்கட்கிழமை. அதற்கு முன்னால் முடியாது. துறைத்தலைவர் மேடம் நாக் ஃபைலுக்கான பன்னிரண்டு படங்களையும் தலைப்போடு நாளைக்குள் கேட்டிருக்கிறார், போன வாரமே "ஆகட்டுங்க மேடம், பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை நாலு படம்தான் இருக்கிறது. மணி இரவு பதினொன்றரை, அவருக்கு இன்னும் மெயில் போடவில்லை.