உடைஞ்ச பல்லுக்கு எந்தப் பசை?

கேள்வி: முன்பல் ஓரம் உடைஞ்சு போட்ட ஃபில்லிங் சில மாசத்துலயே கழண்டு வந்துடுச்சு. இந்தத் தடவை எந்த பாண்டிங் (ஃபில்லிங்கைப் பல்லோட ஒட்ட வைக்கற பசை) போடச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கறது?

பதில்: பிராண்ட் பேரைத் தேடாதீங்க, உடைஞ்சது பல்லோட வெளி அடுக்கான எனாமல் மட்டுமா இல்ல உள்ள இருக்கற டென்டின் வரைக்குமான்னு முதல்ல கேளுங்க. எனாமல்ல 37% பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை 15லருந்து 30 செகண்ட் வெச்சு கழுவிக் காய வெச்சா அந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெளுத்துடும், அதுல பசை நல்லா கவ்விப் பிடிக்கும், எனாமல்ல ஆசிட் வெச்சு ஒட்டற வழியை 1955லயே புவோனகோர்ங்கற பல் ஆராய்ச்சியாளர் காட்டிட்டார், இன்னிக்கும் எனாமலுக்கு இதை நம்பலாம். ஆனா டென்டின்ல அதே ஆசிட் அதிக நேரம் இருந்தாலோ, கழுவினப்புறம் ரொம்பக் காய்ஞ்சாலோ பிடிமானமும் போகும் கூச்சமும் வரும், அதனால எனாமலுக்கு மட்டும் ஆசிட் வெச்சிட்டு, மொத்தத்துக்கும் எம்டிபி (பல்லோட கால்சியத்தைப் பிடிச்சுக்கற கெமிக்கல்) இருக்கற யுனிவர்சல் பாண்டிங், அதாவது ஆசிட் வெச்ச இடம் வெக்காத இடம் ரெண்டுலயும் ஒட்டற பசை, போடறதுதான் என் சாய்ஸ். ஈரத்தைக் கட்டுப்படுத்தவே முடியாத இடம்னா கொஞ்சம் ஈரத்தைத் தாங்கற கிளாஸ் அயனோமர்ங்கற ஃபில்லிங் பரவால்ல. எச்சில் பட்டா எந்த பாண்டிங்கும் சரியா நிக்காது, ரப்பர் டேம் (எச்சில் படாம பல்லைச் சுத்திப் போடற ரப்பர் ஷீட்) போடுவீங்களான்னு கண்டிப்பா கேளுங்க. வீட்டுல சூப்பர் க்ளூவை மட்டும் தொடவே தொடாதீங்க. திரும்ப உடைஞ்சா துண்டைப் பால்லயோ தண்ணியிலயோ போட்டு எடுத்துட்டுப் போங்க, பல நேரம் அதையே ஒட்டிடலாம்.