மனம் உறுத்தவில்லை என்றால் பாவம் இல்லையா?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட்டை 80 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பான 55 லட்சத்தைப் போட்டுக்கொள்ளலாம், மீதி 25 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். ஊரே இப்படித்தான் செய்கிறது; எனக்கு மனம் உறுத்தவில்லை. என் மனைவிக்கு உறுத்துகிறது. பத்திரம் எங்கள் இருவர் பெயரிலும் வருகிறது. பங்குத்தந்தையிடம் கேட்டதற்கு, 'மனச்சான்றுப்படி செய்யுங்கள்' என்றார். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பெசன்ட் நகர் மாதா கோவிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அது போதாதா?"

போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஃபாதர் சொன்னதில் தவறில்லை. மனச்சான்று உறுதியாகச் சொல்லும் தீர்ப்பை யாரும் மீறக் கூடாது என்பது திருச்சபையின் போதனைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அந்த மனச்சான்றுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை அது என்கிறது 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி. மனச்சான்றைப் பகுத்தறிவின் தீர்ப்பு என்றும் அதே நூல் சொல்கிறது. தீர்ப்பு என்றால் விசாரணை நடந்திருக்க வேண்டும் அல்லவா? உறுத்துவதும் உறுத்தாமல் இருப்பதும் உணர்ச்சி. அதற்கும் ஒரு மதிப்பு உண்டுதான், ஆனால் அதை வைத்து மட்டும் வழக்கை முடித்துவிட முடியாது. உங்கள் கடிதத்தில் 'ஊரே செய்கிறது' என்ற ஒரு சாட்சியைத் தவிர வேறு விசாரணை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

தாவீது அரசருக்கும் உறுத்தவில்லை. தன் படைவீரர் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டு, உரியாவின் மனைவியை அரண்மனைக்குக் கூட்டிவந்தார். குழந்தையும் பிறந்தது. அப்புறம்தான் இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் ஒருவன் பிடுங்கிய கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்துப் போய், அவன் சாக வேண்டியவன் என்கிறார். "நீயே அந்த மனிதன்" என்கிறார் நாத்தான். அடுத்தவன் வழக்கில் சட்டென்று விழித்துக்கொண்ட அறிவு, சொந்த வழக்கில் மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. மனச்சான்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

சரி, உங்கள் வழக்கை அடுத்தவர் வழக்காக வைத்துப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் 80 ஆயிரம் வசூலித்துவிட்டு, கணக்கில் 55 ஆயிரம் என்று எழுதினால் என்ன சொல்வீர்கள்? இப்போது நடக்கவிருப்பதும் அதுதான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறைக்கப்படும் 25 லட்சத்துக்கு மட்டும் 2.25 லட்சம் ரூபாய் அரசுக்குப் போகாது. விற்பவர் கட்ட வேண்டிய வருமான வரி தனி. வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. இதற்கெல்லாம் மேலாக, உண்மையில்லாத விலைக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையோடு பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையும் சேர்ந்துவிடுகிறது. இவ்வளவும் பகுத்தறிவே காட்டிக்கொடுப்பது. இதற்குக் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

நம்பிக்கை இதோடு என்ன சேர்க்கிறது? வரி கொடுக்க வேண்டியவருக்கு வரியைக் கொடுங்கள் என்று பவுல் எழுதியது (உரோமையர் 13:7) நம்மிடம் நேர்மையாக நடந்துகொண்ட அரசைப் பற்றி அல்ல, உரோமைப் பேரரசைப் பற்றி. முன்பு சில அறநெறி இறையியலாளர்கள், இப்படிப்பட்ட சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது, பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்று வாதிட்டதுண்டு. அந்த வாதம் இன்றும் நம் வீட்டுக் கூடங்களில் உலவுகிறது. ஆனால் 1965-இல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், நியாயமான வரிகளை மோசடியால் தட்டிக்கழிப்பதைப் பெயர் சொல்லியே கண்டித்தது. மறைக்கல்வியும் வரி ஏய்ப்பை ஏழாம் கட்டளைக்கு எதிரானவற்றில் சேர்த்திருக்கிறது. 9 சதவீதம் அதிகம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், எழுதலாம், வாக்குச் சீட்டில் காட்டலாம். பொய்ப் பத்திரம் அந்தப் பட்டியலில் வராது.

"எனக்குத் தவறாகத் தோன்றவில்லையே" என்பதற்குப் இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் பதில் வைத்திருக்கிறார். தவறான மனச்சான்றும் ஒருவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் அசட்டையாக இருந்ததால் வந்த தவறு என்றால், அது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. இதைப் படித்துவிட்டீர்கள், இனி தெரியாது என்று சொல்லவும் முடியாது.

எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் மனைவியின் நிலைமைதான். தவறு என்று நினைத்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டால், அது அவருக்குப் பாவமாகிவிடும். நம்பிக்கையோடு செய்யாத எதுவும் பாவமே என்கிறார் பவுல் (உரோமையர் 14:23). சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்பதில் தவறில்லை என்று தெரிந்தவர்களிடம்கூட, அடுத்தவரின் மனச்சான்றைக் காயப்படுத்தினால் கிறிஸ்துவுக்கு எதிராகவே பாவம் செய்கிறீர்கள் என்றார் அவர். அங்கே விஷயம் இறைச்சி. இங்கே உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. "உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு" என்று வீட்டில் சொல்லியிருந்தால், தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மாதா கோவில் காணிக்கை விஷயம் சுருக்கமானது. நன்மை வரும் என்று தீமை செய்யக் கூடாது. நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவரான சக்கேயு ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்.

இனி செய்ய வேண்டியது. முழு விலையையும் பத்திரத்தில் காட்டுவதாக இருந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள். வங்கிகள் பெரும்பாலும் பத்திர விலையையும் பார்த்தே கடன் தருகின்றன. முழு விலை காட்டினால் 25 லட்சத்தை ரொக்கமாகப் புரட்டும் அலைச்சல் இல்லை. நாளைக்கு நீங்களே விற்கும்போது, 55 லட்சத்துக்கு வாங்கியதாகக் காட்டினால் லாபம் அதிகமாகத் தெரிந்து உங்கள் வரிதான் ஏறும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கலாம். நஷ்டம்தான், மறைக்கவில்லை. முடிவெடுக்கும் முன் இருவரும் சேர்ந்து செபியுங்கள்; பங்குத்தந்தையிடம் மறுபடி போய் இந்த முறை தொகை, ரொக்கம், பத்திரம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். டோக்கன் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதைத் திரும்ப வாங்கி வங்கி வழியாக அனுப்புங்கள். கிரய ஒப்பந்தத்தில் 80 லட்சம் என்று எழுதிய பிறகு மற்ற பணத்தைக் கொடுங்கள்.