பைத்தானில் இந்திய நேரம் +5:30-க்குப் பதிலாக +5:53 என்று வருவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

கேட்டவருடைய சிக்கல் இதுதான்: டேட்டைம் (தேதி-நேர) ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே, நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசெட்இன்ஃபோ இடத்தில், பைடிஇசெட் என்கிற நேர மண்டல லைப்ரரி தரும் ‘ஏசியா/கொல்கத்தா’வைக் கொடுத்திருக்கிறார். பிரிண்ட் செய்து பார்த்தால் வாலில் +05:53 என்று நிற்கிறது. யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றினால் 23 நிமிடம் உதைக்கிறது.

23 என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அதே 23-இல் மாட்டியவன்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலைக்கு வருகைப்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். கேட்டில் விரல் வைக்கிற மெஷின், நேரத்தை வெறும் கடிகார நேரமாக ஒரு ஃபைலில் கொட்டும். எந்த ஊர் நேரம் என்கிற குறிப்பெல்லாம் அதில் இருக்காது. நான் அதைப் படித்து, இந்திய நேரம் என்று ஒட்டி, யுடிசியாக்கி டேட்டாபேஸில் போட்டேன். பத்து நாள் யாரும் வாய் திறக்கவில்லை. காலை 6:10-க்கு வந்தவர் 5:47-க்கே வந்துவிட்டதாக ரிப்போர்ட் சொன்னால் எவர் புகார் சொல்வார்? வெளியே போகிற பக்கம்தான் வெடித்தது. மதியம் 2:05-க்கு விரல் வைத்தவர் 1:42-க்கே கிளம்பிவிட்டதாகக் காட்டி, சம்பளத்தில் கை வைத்தது. சூப்பர்வைசர் போன் செய்தார்: “தம்பி, உங்க மெஷின் சீக்கிரம் வரவும் வைக்குது, சீக்கிரம் போகவும் வைக்குதே!”

அன்று நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் 23 நிமிடத்தைக் கூட்டிவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தது. அடுத்த வாரம், மெஷின் மக்கர் செய்ததால் சூப்பர்வைசரே திரையில் பதிந்த வருகைகள் எல்லாம் 23 நிமிடம் தாமதமாகக் காட்டின. அதாவது அந்தப் பதிவுகள் முதலிலேயே சரியாக இருந்தன. நான் கூட்டியதில்தான் கெட்டுப்போயின. ஒரே நிரலில் ஒரு வழியாக வந்த நேரம் சரி, இன்னொரு வழியாக வந்த நேரம் தப்பு. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து காரணம் தேடினேன்.

அந்த 5:53 கணக்குப் பிழை இல்லை. அது கொல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரம். உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரலாறே இருக்கிறது. கொல்கத்தாவுக்கு முதல் வரி, சூரியனை வைத்துக் கணக்கிட்ட 5 மணி 53 நிமிடம் 28 வினாடி. 1854 வரை அதுதான். 1870-இலிருந்து 5:21:10. இது நம் மதராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கடிகாரத்தை ரயில்வே எடுத்துக்கொண்டதால் வந்தது. மண்டலத்தின் பெயர் கொல்கத்தா, உள்ளே ஓடுவது சென்னை நேரம்! 1906 ஜனவரி 1 முதல்தான் நமக்குத் தெரிந்த 5:30.

பைடிஇசெட் இந்த ஒவ்வொரு ஆஃப்செட்டுக்கும், அதாவது யுடிசியிலிருந்து உள்ள வித்தியாசத்துக்கும், தனித்தனி ஆப்ஜெக்ட் வைத்திருக்கிறது. மண்டலத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் பட்டியலின் முதல் ஆளை, அதாவது 1854-க்கு முந்தைய ஆளை, அனுப்பிவைக்கும். தேதியைப் பார்த்துச் சரியான ஆளை மாற்றிக்கொடுக்கும் வேலை லோக்கலைஸ் என்கிற அதன் சொந்த மெத்தடில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு லைப்ரரியின் டேட்டைமுக்கு அந்த மெத்தட் பற்றி எதுவும் தெரியாது. கொடுத்த ஆளை அப்படியே ஒட்டிக்கொள்ளும். ரீப்ளேஸ் செய்தாலும் இதே கதைதான். அந்த 28 வினாடி எங்கே போனது என்றால், அந்தக் காலத்து டேட்டைம் முழு நிமிட ஆஃப்செட்டை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். அதற்காகப் பைடிஇசெட் வினாடியை விட்டு முழு நிமிடமாக உருட்டிவிடுகிறது. பைத்தான் 3.7-இல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது, உருட்டல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சரி, திரையில் பதிந்தது மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அங்கே நான் டேட்டைமின் நவ் ஃபங்ஷனுக்கு மண்டலத்தைக் கொடுத்திருந்தேன். நவ் முதலில் யுடிசி நேரத்தை எடுத்து, ‘இதை உன் ஊர் நேரமாக்கு’ என்று மண்டலத்திடமே ஒப்படைக்கும். அந்த வழியில் பைடிஇசெட் தேதியைப் பார்த்து 5:30-ஐத்தான் தரும். ஒரு மண்டல நேரத்தை இன்னொரு மண்டலத்துக்கு மாற்றும் அஸ்டைம்ஸோனும் அப்படியே. யுடிசியிலிருந்து ஊர் நேரத்துக்கு வருகிற பாதை சரி, ஊர் நேரத்தில் கையால் மண்டலத்தை ஒட்டுகிற பாதை தப்பு. என் டெஸ்ட் எல்லாம் நவ் வைத்து எழுதியது, அதனால்தான் தேறியதாகப் பச்சையாகவே காட்டியது. இத்தனைக்கும் பைடிஇசெட் ஆவணத்திலேயே ‘இப்படி ஒட்டாதீர்கள், பல மண்டலங்களுக்கு வேலை செய்யாது’ என்று எச்சரிக்கை இருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வழி. பைத்தான் 3.9 அல்லது அதற்கு மேல் என்றால் பைடிஇசெட்டை விட்டுவிடுங்கள். 2020-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து ஜோன்இன்ஃபோ ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தேதியைப் பார்த்தே ஆஃப்செட் சொல்லும், எனவே நீங்கள் எழுதியபடியே டிஇசெட்இன்ஃபோவில் ஒட்டலாம். விண்டோஸில் நேர மண்டலத் தரவுத்தளம் இந்த வடிவில் இருக்காது. அங்கே டிஇசெட்டேட்டா என்கிற பேக்கேஜைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மண்டலமே இல்லை என்று எர்ரர் அடிக்கும். பழைய பதிப்பில் சிக்கியிருந்தால், ஒட்டுகிற இடத்திலெல்லாம் லோக்கலைஸ். வேறு வித்தை இல்லை.

‘5:30 என்று நிலையான ஆஃப்செட்டையே போட்டுவிட்டால் என்ன?’ என்று சிலர் கேட்பார்கள். ஆலை வருகைப்பதிவுக்குத் தாராளமாகப் போடலாம். ஜாதகம் கணிக்கிற மென்பொருளுக்குப் போடாதீர்கள். போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரம் ஒரு மணி முன்னால், 6:30-இல் ஓடியது. அப்போது பிறந்த தாத்தாவின் லக்னமே மாறிப்போகும். இலங்கை இன்னும் கிட்டத்தில்: கொழும்பு 1996 மே மாதம் 6:30-க்குப் போய், அதே அக்டோபரில் 6:00-க்கு இறங்கி, 2006 ஏப்ரலில்தான் 5:30-க்குத் திரும்பியது. அந்தப் பத்து வருட டேட்டா கையில் இருந்தால் மண்டலப் பெயர் இல்லாமல் ஓட்டவே முடியாது.

ஜோன்இன்ஃபோவுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே மண்டலத்தில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்தால் டேட்டைம் ஆஃப்செட்டைப் பார்க்காமல் கடிகார முள்ளை மட்டும் கழிக்கும். லண்டனில் 2024 மார்ச் 30 இரவு 10 மணி முதல் மறுநாள் காலை 6 வரை வேலை பார்த்தவருக்கு 8 மணி நேரம் என்று சொல்லும். அன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதால் அவர் பார்த்தது 7 மணி நேரம்தான். இரண்டையும் யுடிசியாக்கிவிட்டுக் கழியுங்கள். நம் ஊரில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், ஏற்கெனவே பதிவாகிப்போன டேட்டா. நிரலைத் திருத்தினால் அது திருந்தாது. எங்களிடம் ஒவ்வொரு வரியும் மெஷினிலிருந்து வந்ததா, கையால் பதிந்ததா என்று சொல்லும் ஒரு நெடுவரிசை டேபிளில் இருந்தது, நல்ல வேளை. மெஷின் வரிகளுக்கு மட்டும், நிரலைத் திருத்திய நாளுக்கு முந்தையவற்றுக்கு, யுடிசி நேரத்தில் 23 நிமிடம் கூட்டினோம். ரிப்போர்ட்டில் நான் போட்ட ஒட்டுப்போட்ட கூட்டலை அதே மாலையில் எடுத்தோம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் மறுபடியும் 23. நள்ளிரவு 12:10-க்கு விரல் வைத்தவர்களின் பதிவு முந்தின நாள் 11:47-க்குப் போய் உட்கார்ந்திருந்தது. அதனால் தினசரி மொத்தங்களையும் திரும்ப ஓட்ட வேண்டியதாயிற்று. உங்களிடம் அப்படி ஒரு நெடுவரிசை இல்லையென்றால் மெஷினின் மூல ஃபைலைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து ஏற்றுங்கள், ஊகத்தில் கூட்டாதீர்கள்.

டெஸ்டும் ஒன்று எழுதிவிடுங்கள், நவ் வைத்து வேண்டாம். மெஷின் ஃபைலின் ஒரு வரியை அப்படியே கொடுத்து, வரும் ஆஃப்செட்டை வினாடியில் பாருங்கள். 19,800 வர வேண்டும். 21,180 வந்தால் இன்னும் எங்கோ பழைய கொல்கத்தா ஒட்டிக்கொண்டிருக்கிறது.