சாயா திரியுது, கசக்குது, பாட கட்டுது: குமரிக்காரர்கள் கேட்டவையும் பதிலும்

சாயா, அதாவது டீ, போடுவது பற்றி வந்த கேள்விகளை ஊர்ப்பெயரோடு மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். டீஸ்பூன் என்று வரும் இடமெல்லாம் தலைதட்டிய 5 மில்லி கரண்டி. கிளாஸ் என்றால் கடைக் கிளாஸ், சுமார் 120 மில்லி. இரண்டையும் வீட்டில் ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள். பாதிப் பேருடைய 'ஒரு கரண்டி' உண்மையில் இரண்டு கரண்டி.

தக்கலை: அண்ணாச்சி, கடைச் சாயா ருசி வீட்ல வரவே மாட்டேங்குது. அதே தூள், அதே பால். என்னத்த விடுறேன்?

தூளும் பாலும் ஒன்றுதான், சேருகிற வரிசைதான் வேறு. வீட்டில் தண்ணீர், பால், தூள், சீனி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடுகிறோம். கடையில் தூள் பாலைப் பார்ப்பதே இல்லை. சமாவரில் (கடையில் தண்ணீர் கொதிக்கிற பெரிய பாத்திரம்) கொதிக்கிற தண்ணீர் துணி அரிப்பு, அதாவது துணி வடிகட்டி, வழியாக இறங்கி, சாறு தனியாக நிற்கும். பால் தனியாக ஆவி பறக்க நிற்கும். இரண்டும் சந்திப்பது கிளாசில்தான். பாலோடு சேர்த்துக் கொதித்தால் பால்புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், தூளும் மெதுவாகத்தான் சாறு விடும். நிறம் போதவில்லையே என்று இன்னும் ஐந்து நிமிடம் விடுவீர்கள். அப்போது ஏறுவது கசப்பும் காய்ந்த பால் வாடையும்தான்.

நாலு கிளாசுக்கு இப்படிச் செய்யுங்கள். 280 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். 4 டீஸ்பூன் டஸ்ட் தூள், ஏறக்குறைய 10 முதல் 12 கிராம். போட்டதும் தீயைக் குறைத்து ஒரு நிமிடம், பிறகு அணைத்து மூடி இரண்டு நிமிடம். அதற்கு மேல் தூள் தண்ணீரில் கிடக்கக் கூடாது. வேறு பாத்திரத்தில் 250 மில்லி பாலைக் காய்ச்சிச் சூடாகவே வைத்திருங்கள். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5. சாயாவுக்குப் பச்சை. நீலம்தான் கையில் இருக்கிறது என்றால் சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் நாலைந்து நிமிடம் குறுகக் காய்ச்சுங்கள்.

கிளாசில் சீனி, மேலே பால், அதன்மேல் அரித்த சாறு, பிறகு இரண்டு மூன்று ஆற்று. ஆற்றுவதை வித்தை காட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு. கொதி அடங்கி வாய் வைக்கிற சூட்டுக்கு வருவதும், அடியில் கிடக்கும் சீனி கரைவதும், நுரை நிற்பதும் அதில்தான்.

துணி அரிப்பு வாங்கினால் அதில் சோப்பு போடாதீர்கள், துணி அந்த மணத்தை விடாது. கொதிதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்த அரிப்பு மறுநாள் சாயாவைப் புளித்த வாடையடிக்க வைக்கும்.

குலசேகரம்: எனக்க வீட்ல இஞ்சி போட்டா பத்துல நாலு தடவ பால் திரியுது. பால் புதுசுதான். இஞ்சிக்கும் பாலுக்கும் என்ன பகை?

பகை உண்டு அக்கா. பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கிற நொதி ஒன்று இருக்கிறது. சுமார் 60 டிகிரி சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும், கொதியில் செத்துப்போகும். பால் இளஞ்சூடாக ஏறிக்கொண்டிருக்கும்போது இஞ்சியைத் தட்டிப் போட்டால், சரியாக அது விரும்புகிற சூட்டில் பாலோடு விடுகிறீர்கள். தீ பெரிதாக வைத்த நாளில் பால் சட்டென்று அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், திரியாது. சிறு தீ வைத்த நாளில் திரியும். பத்தில் நாலு என்ற கணக்கு இதனால்தான். தெற்குச் சீனாவில் இதே குணத்தை வைத்து இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றித் தயிர்போல உறையவைத்து இனிப்பாகவே சாப்பிடுகிறார்கள்.

நமக்கு அது வேண்டாம். நாலு கிளாசுக்குக் கட்டைவிரல் முதல் கணு அளவு இஞ்சி, சுமார் 10 கிராம். தோல் சீவி, தட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு முழுதாக மூன்று நிமிடம். அதற்குப் பிறகு தூள், கடைசியில் சூடான பால். இஞ்சியைத் துருவாதீர்கள், தட்டினால் போதும். துருவினால் காரம் மட்டும் தூக்கும், மணம் பின்னால் போய்விடும்.

மண்டைக்காடு: இஞ்சியே போடாம கருப்பெட்டி போட்டாலும் திரியுதே, அதுக்கு என்ன செய்ய?

அங்கே காரணம் வேறு. கருப்பட்டியில் கொஞ்சம் புளிப்பு இருக்கும், பழையதில் கூடுதல். கொதிக்கிற பாலில் புளிப்பு சேர்ந்தால் திரியாமல் என்ன செய்யும்? கூடவே கருப்பட்டியில் மண், தும்பு எல்லாம் வரும், நேராகப் போடுவதே தப்பு.

100 கிராம் கருப்பட்டியைத் தட்டி 100 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் மணல் தங்கும், அதை விட்டுவிட்டு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் மூன்று நாள் நிற்கும். கிளாசுக்கு 15 மில்லி, அதாவது மூன்று டீஸ்பூன். அடுப்பை அணைத்து, சாயாவின் கொதி முழுதாக அடங்கிய பிறகு கிளாசில் சேருங்கள். பாத்திரத்தில் பாகை ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றினால் திரியும். பால் இல்லாத கட்டஞ்சாயாவுக்கு இந்தக் கவலையே கிடையாது. கருப்பட்டிக்குப் பொருத்தமும் அதுதான் என்பது என் கட்சி, பால் அதன் புகைமணத்தை அமுக்கிவிடுகிறது.

கொளச்சல்: கட்டஞ்சாயா ஆறினதும் மேல எண்ணெ மாதிரி பாட கட்டுது. கிளாஸ்லயும் வளையம் விழுது. தூள்ல ஏதும் கலப்படமா?

தூளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரா? கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் அதே சுண்ணச்சத்துதான் இங்கேயும். அது தேயிலையின் துவர்ப்புச் சத்தோடும் காற்றோடும் சேர்ந்து மேலே தகடுபோல மிதக்கும். கரண்டியால் தள்ளிப் பாருங்கள். எண்ணெய் என்றால் வட்டம் வட்டமாக ஓடும், இது கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும்.

தண்ணீரை முதலில் தனியாக ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் வடித்தெடுத்து அதில் சாயா போட்டால் பாதி குறையும். நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் பாட மறையும், நிறமும் வெளுக்கும். அது தூளின் குறையல்ல, புளிப்பு பட்டால் தேயிலையின் நிறம் அப்படித்தான் இளகும். வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கிற தண்ணீர் என்றால் கொதிக்கவைத்துப் பயனில்லை, உப்பு கூடுதலாகத்தான் ஆகும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோதான் வழி.

நித்திரவிளை: கலப்படம்னு பேச்சு வந்ததால கேக்குறேன். சாயம் சேத்த தூள வீட்ல கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வெள்ளை வடிதாளில் (மெல்லிய டிஷ்யூவும் ஆகும்) ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் கூடாது. சிறிது நேரத்தில் தூளைத் தட்டிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் சேர்த்தது என்றால் தாளில் உடனே கறை பரவும். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது. இரும்புத்தூள் சந்தேகம் இருந்தால் காந்தத்தை மேலே காட்டினாலே ஒட்டிவிடும்.

நாகர்கோவில், வடசேரி: டஸ்ட் வாங்கவா, இலை வாங்கவா? விலை வித்தியாசம் தலைய சுத்துது.

பால் சாயாவுக்கு டஸ்ட், கட்டனுக்கு இலை. அதோடு முடிந்தது என்று சொல்லலாம், ஆனால் காரணம் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். டஸ்டும் குருணையும் பெரும்பாலும் சி.டி.சி. முறையில் வருபவை. இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற அந்த எந்திரம் 1930-களில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் கொண்டுவந்தது. துகள் சின்னதாக ஆக ஆக, தண்ணீர் படுகிற பரப்பு கூடும், சாறு வேகமாக இறங்கும். பாலுக்கு எதிர்த்து நிற்கிற கடுப்பு அதில்தான் கிடைக்கும். முழு இலை, அதாவது ஆர்த்தடாக்ஸ், மெதுவாக இறங்கும், மணம் கூடுதல், பால் ஊற்றினால் அந்த மணம் செத்துவிடும். விலை கொடுத்து நீலகிரி இலைத்தேயிலை வாங்கிப் பாலில் கொதிக்கவைப்பது மல்லிகையை மீன்சட்டியில் போடுவதற்குச் சமம்.

பாக்கெட்டில் விலாசத்துக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தூள் ஈரத்தையும் மணத்தையும் ஒருபோல இழுக்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, ஈரக் கரண்டி கூடாது, கிராம்பு டப்பாவுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

பேச்சிப்பாறை: கிராம்பு நம்ம பக்கத்து மலையில விளையுது. கட்டன்ல எத்தன போடலாம்?

இரண்டு கிளாசுக்கு இரண்டு. மூன்றாவது போட்டால் நாக்கு மரத்துப்போய்த் தேயிலையே தெரியாது. புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு எண்ணெய்ச் சத்துக் கூடியது, இன்னும் கவனம் வேண்டும். நகத்தால் மொட்டை அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், அதுதான் நல்ல கிராம்பு. 260 மில்லி தண்ணீரில் கிராம்பும் ஒரு ஏலக்காயும் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். அணைத்த பிறகு 2 டீஸ்பூன் இலை, மூடி நாலு நிமிடம். எலுமிச்சை கிளாசில்தான், பாத்திரத்தில் வேண்டாம்.

திருவட்டாறு: ரப்பர் வெட்டுக்கு விடியுமுன்னே போறோம். பிளாஸ்க்ல பால் சாயா எட்டு மணிக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுது.

பால் சாயா பிளாஸ்கில் இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் போகும் வேலைக்குக் கட்டனை அரித்து, சக்கை ஒரு துகள்கூட இல்லாமல், சீனி சேர்த்துக் கொண்டுபோங்கள். சக்கை உள்ளே கிடந்தால் கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஊற்றுவதற்கு முன் பிளாஸ்கில் கொதிதண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சூட்டை ஸ்டீலே தின்றுவிடும். வாடை வருகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் மூடியில் இருக்கிற ரப்பர் வாஷர். கழற்றிக் கழுவுங்கள். உள்ளே ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவும் சுடுதண்ணீரும் இருபது நிமிடம் வைத்து அலசினால் கறையும் போகும்.

நாகர்கோவில், ஆபீஸ்: கெட்டில் மட்டும்தான் இருக்கு. அதுல பால் ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள் தம்பி. பால் சூட்டுத்தட்டில் அடிபிடிக்கும், பொங்கி மூடி வழியே வந்து, தானாக அணைகிற இடத்தில் போய் ஒட்டும், அப்புறம் கெட்டில் அணையாது. தண்ணீர் மட்டும் கொதிக்க வையுங்கள். 100 மில்லிக்கு ஒரு டீ பை, மேலே ஒரு சாசர் மூடி நாலு நிமிடம். பையைப் பிழியாமல் தூக்குங்கள். பால்பவுடர் 2 டீஸ்பூனை முதலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துவிட்டுச் சேர்த்தால் கட்டி விழாது. டெய்ரி ஒயிட்னர் என்றால் பெரும்பாலும் அதிலேயே சீனி இருக்கும், சுவைத்துப் பார்த்து அப்புறம் போடுங்கள்.

அதே ஆபீஸ், வேறு ஆள்: கிரீன் டீ கசக்குது.

கொதிதண்ணீரை நேராக ஊற்றுகிறீர்கள். மூன்று பங்கு கொதிதண்ணீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 80 டிகிரி அளவில் வரும். 150 மில்லிக்கு 2 கிராம், இரண்டு நிமிடம், எடுத்துவிடுங்கள்.

தோவாளை: அம்மா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறாங்க. கூடவே சாயா குடிக்கலாமா?

கூடாது. தேயிலைத் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

மறுபடி தக்கலை: அண்ணாச்சி, சொன்னபடி செஞ்சேன். நிறம் வந்துது, ருசியும் கிட்ட வந்துட்டு. ஆனா ஆத்தி முடிக்கிறதுக்குள்ள ஆறிப்போகுது.

கடையில் கிளாசைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்துத்தான் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நீங்களும் அப்படி எடுங்கள். பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டுத் தூளைப் போடப் போயிருப்பீர்கள், வரிசையைத் திருப்புங்கள். சாறு மூடியிருக்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் பால் பொங்கிவர வேண்டும். ஆற்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.