கடை உடைத்த பையனை நேரில் பார்க்கப் போகலாமா?

அண்ணா, ஆக்லாந்தில் உங்கள் கடைக் கண்ணாடியை உடைத்த 15 வயதுப் பையனின் குடும்பக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தப்பு செய்த பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர் எல்லாரும் உட்கார்ந்து, அவன் அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசி முடிவெடுக்கும் கூட்டம் அது. போங்கள் என்பேன். நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி அங்கே போவது உங்கள் உரிமை, கட்டாயமில்லை. துணைக்கு அண்ணியையும் கூட்டிப் போகலாம்.

எங்கள் கடையை ஒரு பையன் உடைத்தபோது நானும் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனேன். பையன் தலை நிமிரவே இல்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தான். அழுதது அவன் பாட்டிதான். எனக்கும் கோபம் ஒன்றும் அங்கேயே தீர்ந்துவிடவில்லை.

கூட்டத்தின் நடுவில் பையனின் குடும்பம் தனியாகப் பேச நேரம் கொடுப்பார்கள். அப்போது கிளம்பி வந்துவிடாதீர்கள். நஷ்டஈடு, மன்னிப்புக் கடிதம், சமூக வேலை எல்லாம் அதற்கப்புறம்தான் முடிவாகும். சம்மதமில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். கண்ணாடி மாற்றிய பில்லை மறக்காமல் எடுத்துப் போங்கள்.